பஞ்சுவின் வயிறு

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளைப் போல் வாயடிக்க ஆளில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் ஊமை. மகள் தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் மகளின் பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். அன்றோடு புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றது. அவள் சமைத்து மூடி வைப்பாள்; அவர் தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

மகள் விட்டுப்போனது பஞ்சு என்கிற வெள்ளைப் பூனையை. இருவரும் அதனிடம்தான் பேசினார்கள். எழுந்ததும் அவர் கிண்ணம் நிறையப் பால் ஊற்றுவார். அது தெரியாமல் அவள் பாக்கெட் தீனியைக் கொட்டிவிட்டுக் கடைக்குப் போவாள். சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டிலிருந்து பொரித்த மீன். சாயங்காலம் அவள் கையால் காரக் கோழி. ஊட்டுவதில் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை.

பஞ்சுவின் வயிறு கெட்டது. சோபாவுக்கு அடியில் வாந்தி, தைக்கக் கொண்டுவந்த துணிமேல் பேதி. பார்த்தவர் துடைத்தார், அடுத்தவரிடம் சொல்லவில்லை. ஒரு நாள் அது தண்ணீரைக்கூடத் தொடாமல் சுருண்டு கிடந்தது. அதை வைத்துத் தூக்கிப்போக அவள் கூடையை எடுத்தாள். அவர் வண்டிச் சாவியோடு நின்றிருந்தார்.

"என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார் கால்நடை டாக்டரம்மா.

"பாக்கெட் தீனிதான்," என்றாள் அவள்.

"கொஞ்சம் பால்," என்றார் அவர். பிறகு மீன் விஷயம் வந்தது, கோழி விஷயம் வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

இருவரும் கூடையையே பார்த்தார்கள்.

"வளர்ந்த பூனைங்கள்ல நிறையதுக்குப் பால் சேராது. நேரத்துக்கு ஒண்ணா மாத்திப் போட்டா வயிறு என்ன பண்ணும்? இப்போதைக்கு உப்பு காரமில்லாம வேகவெச்ச கோழி, கொஞ்சம் கொஞ்சமா. தேறினதும் அதோட தீனியை மெதுவா கலந்து பழக்குங்க. தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும்."

பஞ்சு எழுந்து நடமாடத் தொடங்கிய சமயம், கண்ணாடியை மறந்துவிட்டு அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். அடுப்படியில் அவர் குனிந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அது.

"கால சுத்தி சுத்தி வந்துச்சு. ஆசையா கேக்கறப்ப எப்படி இல்லேங்கறது?"

"பெத்த பொண்ணு ஆசையா கேட்டப்ப மட்டும் எப்படி இல்லேன்னு சொன்னீங்க?"

அவர் முகம் செத்துப்போயிற்று. கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே பஞ்சுவுக்கு மறுபடி பேதி. இருவருமாகக் குந்திக்கொண்டு துடைத்தார்கள்.

அது தேறியது, ஆனால் பழைய வயிறு இல்லை, கொஞ்சம் மாறினாலும் கோளாறுதான். அதனால் பேச வேண்டியதாயிற்று. "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்பார் அவர். "கெட்டியாத்தான்," என்பாள் அவள். அதற்குமேல் நீளாது.

மகள் வழக்கமாக அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் போன் செய்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருக்கும்போதே போன் வந்துவிட்டது. எடுத்த அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பஞ்சு எப்படிம்மா இருக்கு?"

அவள் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். கணவரையே பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு போன் பக்கம் சாய்ந்தார்.

"பாலை நிறுத்தியாச்சு," என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆனால் மகள் போனை வைக்கவில்லை. அவரும் போனை விட்டு நகரவில்லை.