தம்பியின் அரைவட்டம்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், கருவியின் முன் உட்காருவதற்கு முன்பு மேசையோரத்து உலோகச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து எடுப்பேன். பக்கத்து மேசை உர்சுலா ஒருநாள், "கும்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்க அலுப்பாக இருந்தது. எங்கள் ஊர் அச்சங்குளத்தில், பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்லூரிக்கு முன் இரண்டு சீசன் அங்கே இருந்தேன். என் தம்பி கருப்பசாமி இன்னும் அங்கேதான் மருந்து கலக்குகிறான்.

இங்கே என் வேலை, ஒரு சொட்டு இரத்தத்தில் மிகச் சிறிய மாறுமின்னழுத்தத்தை வேகமான அலையிலிருந்து மெதுவான அலைவரை வரிசையாகச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் எழும் தடையைக் குறிப்பது. புள்ளிகளைச் சேர்த்தால் திரையில் ஓர் அரைவட்டம் வரும். இரத்தம் விடும் சோதனைப் பட்டையின் தங்கப் பரப்பில் நாங்கள் தேடும் புரதம் ஒட்டினால் அது பெரிதாகும். சிறுநீரகம் கெடத் தொடங்கியதன் அடையாளம் அது.

போன மாதம் ஊருக்குப் போனபோது தம்பியின் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. கையடக்கக் கருவியும் ஐந்து பட்டைகளும் என்னிடம் இருந்தன. அவன் நகக்கண்களில் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடி. மருந்து உப்பு இரத்தத்தில் கலந்தால் அளவு தவறும் என்று மூன்று முறை கைகழுவச் சொன்னேன்.

"கல்யாணத்தன்னைக்கே போகாத பொடிண்ணே. இன்னைக்கா போகப் போகுது?"

விரலில் குத்தினேன். அவன் திரையைப் பார்த்தான். "அம்புட்டுத் தூரம் போயி, பாதி வட்டம் போடத்தான் படிச்சீகளா?"

பொடி கலந்திருக்குமோ என்று முதல் அளவைத் தள்ளிவிட்டு, மற்ற கையில் நான்கு முறை எடுத்தேன். நான்கும் பெரிதாகவே வந்தன. நேரத்தோடு நோட்டில் எழுதினேன்.

"ஏலே, இது இன்னும் சோதனையில இருக்கிற கருவிதான். இருந்தாலும் விருதுநகர் ஆஸ்பத்திரியில போய்ப் பாத்துரு."

"சீசன் முடியட்டும்ணே. இல்ல, நீங்க இருந்து கூட்டிட்டுப் போறீகளா?"

மறுநாள் விமானம். "நீயே போயிரு" என்றேன். பயமோ துக்கமோ வரவில்லை. பெட்டியை எடை போட்டேன்.

திரும்பியதும் கருவியிலிருந்த அளவுகளைப் பொதுக் கணினியில் ஏற்றினேன். பெயரில்லாமல், எண் மட்டும். ஆய்வகத் தலைவர் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான வளைவு நமக்கு வந்ததே இல்லை. யாருடையது?" என்றார்.

"என் தம்பியுடையது."

"அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டேன். "லோடு ஏத்துறாகண்ணே, வைக்கிறேன்" என்றான்.

இன்று காலை பதினொன்றரைக்குக் கூட்டம். அங்கே மூன்று மணி, வேலையில் இருப்பான். அவனுடைய அரைவட்டம் சுவரளவு திரையில் நின்றது. அதன் உச்சியை நான்தான் கோலால் தொட்டுக் காட்டினேன். இது நல்ல முடிவு என்று அவர்கள் மொழியில் பிழையில்லாமல் சொன்னேன்.