பேர் வெட்டாத தகடுகள்

எங்கள் வீட்டு முன்னறையில் படங்கள் இரண்டு இடத்தில் இருந்தன. சுவரில் மாலையோடு தொங்கியவர்கள் செத்துப்போனவர்கள். கண்ணாடி அலுமாரிக்குள் நின்றவர்கள் உயிரோடு இருப்பவர்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு வயதுக்குள் நானே பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா அலுமாரிக்குள் நின்றார், என் பள்ளிக்கூடப் படத்துக்கும் அண்ணையின் ரக்பி படத்துக்கும் நடுவில். அப்பாவின் ஒரே தம்பி. அப்பா விட்டுவந்த ஊரில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "இன்னும் வரேல்லை" என்பார்கள், எங்கள் பக்கத்துச் சட்டன் ஸ்டேஷனுக்கு ரயில் பிந்திவிட்டதைப் போல. தெரியாத நம்பரில் போன் வந்தால் அப்பா சாப்பிட்ட கையோடு எழும்பி ஓடுவார்.

எனக்கு எட்டு வயதான வருடம் அண்ணையின் கிளப் கவுண்டிக் கிண்ணத்தை வென்றது. கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், உள்ள ரக்பி கிளப்புகள் எல்லாம் மோதுகிற போட்டி அது. ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியது. அண்ணையின் கிளப் அதைக் கடைசியாக வென்றபோது அப்பா பிறந்திருக்கவில்லை. கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. இறுதி ஆட்டத்தில் விளையாடிய ஒவ்வொருவரும் கிண்ணத்தை ஓர் இரவு தன் வீட்டில் வைத்திருக்கலாம், முதுகு நம்பர் வரிசைப்படி. அண்ணைக்குப் பதினாலு. எங்களுக்கு முந்திய வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அது எங்களிடம் வந்தது.

அம்மா மூடியைத் திறந்து உள்ளே மணந்து பார்த்தா. பியர். தேசிக்காய் பிழிந்து மூன்று தரம் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சாமித்தட்டுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் ஏற்றினா.

ஸ்ட்ரெதமில் இருந்து அம்மாவின் தம்பியும் மாமியும் பார்க்க வந்தார்கள். மாமி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தா.

"நாலு சுண்டு அரிசி வடிவாய் அவியும்."

"பிடிக்கக் காதும் கிடக்கு" என்றார் மாமா.

"மாமா, இது நூறு வருசத்துக்கு மேற்பட்ட சாமான்" என்றான் அண்ணை.

"அப்ப அடிப்பிடிக்காது."

எல்லோரும் சிரித்தோம். பெட்ரோல் ஷெட் ஷிப்ட் முடிந்து வந்திருந்த அப்பாகூடச் சிரித்தார். தேத்தண்ணி குடித்து முடித்தபிறகு மாமா குரலைத் தணித்தார்.

"அத்தான், கோவிக்காதேங்கோ. தம்பியாருக்கு ஒரு திவசத்தைச் செய்து விடுங்கோ. எத்தினை வருசம் அந்தாளை அந்தரிக்க விடுறது?"

"ஆர் பாத்தது அவன் செத்ததை? நீ பாத்தனியோ?"

"நான் பாக்கேல்லை அத்தான்."

"அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டு நட."

திவசம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மாமா வந்தால் கடைசியில் வருகிற சண்டையின் பெயர் என்றுதான் எண்ணியிருந்தேன்.

அவர்கள் போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டுக் கிண்ணத்தின் முன் இருத்தினார். அவர் ஊரில் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். எங்கள் வீட்டில் யூனிவர்சிட்டி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், ஆனால் அதற்கு வெகு முன்பே இங்கிலீஷை வாய்விட்டு வாசிக்கிற வேலை எனக்கு வந்துவிட்டது. அண்ணைக்குப் பொறுமை கிடையாது.

கிண்ணத்தின் கறுத்தப் பீடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வருடம், அந்த வருடம் வென்ற கிளப்பின் பேர். நான் வாசிக்க, அப்பா ஒவ்வொரு தகட்டையும் விரலால் தடவிக்கொண்டு வந்தார். அண்ணை சோபாவில் கிடந்தபடி விளக்கம் சொன்னான். இந்தக் கிளப் இப்போது இல்லை, வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். அவர்களின் மைதானத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட் நிற்கிறது. இவர்கள் நாங்கள் போன மாதம் அடித்த ஆட்கள்.

திடீரென்று அப்பா என் தலையில் குட்டினார்.

"விட்டிட்டாய். வடிவாய்ப் பாத்து வாசி."

"விடேல்லை அப்பா. இதிலை ஒண்டும் இல்லை."

உண்மையிலேயே இல்லை. வருடம் மட்டும் இருந்தது. அடுத்த தகட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும். வாசிக்க ஒன்றுமில்லாததால் நான் தாண்டிப் போயிருந்தேன்.

"ஏன் பேர் இல்லை?" என்று அப்பா அண்ணையைக் கேட்டார்.

"அப்ப உலக யுத்தம் அப்பா. விளையாட ஆக்கள் இல்லை. எல்லாரும் சண்டைக்குப் போட்டினம்."

"போனவை வந்தவையோ?"

"கனபேர் வரேல்லை. கிளப்பிலை ஒரு பலகை கிடக்கு. வராத ஆக்களின்ரை பேரெல்லாம் வெட்டி வைச்சிருக்கினம்."

"உடம்பு கிடைச்ச ஆக்களின்ரையோ?"

அண்ணை எழும்பி இருந்தான். "இல்லை அப்பா. கிடைக்காத ஆக்களும் அதிலை இருக்கினம். கொஞ்சக் காலம் பாத்திருந்திட்டு, பிறகு அவையின்ரை பேரையும் பலகையிலை வெட்டிட்டினமாம்."

"தாய் தேப்பன் அதுக்கு விட்டவையோ?"

"தெரியாது அப்பா."

அப்பாவின் விரல் அந்த வெறும் தகட்டில் கனநேரம் நின்றது. நான் மிச்சத்தையும் வாசிக்கட்டோ என்று கேட்டேன். அவர் எழும்பிக் குசினிப் பக்கம் போனார்.

"பயத்தம் மாக் கிடக்கோ?"

"என்னத்துக்கு?" என்றா அம்மா.

"அவனுக்குப் பயத்தம் பணியாரம் எண்டால் உயிரெல்லோ."

அம்மா பைப்பைப் பூட்டினா. பிறகு உடுத்திருந்த சோட்டியின் கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்போத்தலை எடுத்தா.

அன்று இரவு சித்தப்பா அலுமாரியை விட்டு வெளியே வந்தார். அப்பா படத்தைத் துடைத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முன்னால் வாழையிலை, சோறு, மரக்கறிகள், சுடச்சுடப் பணியாரம். கற்பூரம் கொளுத்தினார்கள். அண்ணை குளித்துவிட்டு வந்து கும்பிட்டான். கிண்ணத்துக்குப் பூசை என்றும், சித்தப்பாவும் பார்க்கட்டும் என்று அவரைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

"சித்தப்பாவைக் கும்பிடு" என்றார் அப்பா.

கும்பிட்டேன், கிண்ணத்தைப் பார்த்தபடி.

மறுநாள் காலை கிண்ணத்தைக் கிளப்பில் ஒப்படைக்க வேண்டும். இரவல் வாங்கிய ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது அம்மாவுக்குத் தெரியாத காரியம். படைத்ததில் மிஞ்சிய பணியாரம் முழுவதையும் கிண்ணத்துக்குள் போட்டு மூடினா. காரில் என் மடியில் அது சூடில்லாமல் மணத்துக்கொண்டு வந்தது.

கிளப் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச்சொல்லி எழுதியிருந்தது, சேற்றுக்காக. அப்பாவுக்கு நான் அதை வாசித்துக் காட்டவில்லை. அவர் உள்ளே சுவரில் இருந்த அந்தப் பேர்ப் பலகையைக் கண்டதுமே கழற்றிவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு அதன் முன் போய் நின்றார்.

காப்டன் மூடியைத் திறந்தார். வெள்ளைக்காரப் பெடியள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் முதலில் ஒன்றைக் கடித்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றை எடுத்தார். என்ன விசேஷம், எதற்கு இதெல்லாம் என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"நாங்கள் வென்றதற்கு" என்றேன்.

கிண்ணத்துக்குள் கை மேல் கை விழுந்தது. கடைசியில் அடியில் கிடந்த தூளையும் ஒருவன் விரலால் ஒற்றி எடுத்தான்.

அப்பா திரும்பாமலே கேட்டார். "எல்லாரும் திண்டவங்களோ?"

"ஓம் அப்பா."

"மிச்சம்?"

"ஒண்டும் இல்லை."

அப்போது அவர் அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், காலுறையோடு, அந்தப் பலகைக்கு முன்னால். பெடியள் ஓடிவந்து அவர் முதுகில் தட்டினார்கள். சிவப்புத் தாடிக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தன் தகப்பனும் இப்படித்தான், மகன் கிண்ணம் வென்றால் எந்தத் தகப்பனும் அழத்தான் செய்வான் என்று என்னிடம் சொன்னார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். வெறும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.