பதினாலு புள்ளி ரெண்டு

"படிங்க" என்று மீட்டரை வண்டிக்காரர் கையில் திணித்துவிட்டு மெக்கானிக் வண்டியின் அந்தப் பக்கம் போய் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொள்கிறார். மீட்டரிலிருந்து சிவப்பு ஒயர் ஒன்றும் கறுப்பு ஒயர் ஒன்றும் போய் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கவ்வியிருக்கின்றன. என்ஜின் உறுமுகிறது. வண்டிக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பதிமூணு புள்ளி ஒம்போது" என்கிறார். "சத்தமா" என்கிறார் இவர். வண்டிக்காரர் தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை படிக்கிறார். அதற்குப் பிறகுதான் இவர் காதில் செருகிய பேனாவை எடுக்கிறார்.

ஒற்றை ஷட்டர் கடை. மோட்டார் சைக்கிளுக்கு மின்சார வேலை மட்டும் பார்ப்பவர். வருவதெல்லாம் அநேகமாக வயதான வண்டிகள். தெருவில் எல்லோருக்கும் அவர் வோல்ட்டு. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்தான். அந்த அம்மாளும் "வோல்ட்டைக் கேளுங்க" என்றுதான் ஆளை உள்ளே அனுப்புகிறார். சட்டையின் இடது பை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரிச் சுருள் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் அதில் ஒரு விரல் நீளம் கிழித்து, வண்டிக்காரர் படித்த எண்ணைப் பேனாவால் எழுதி, சீட்டைத் தூக்கி அடியில் ஒட்டிவிடுவார். சர்ட்டிபிகேட் அதுதான்.

அவரிடம் போய் "பேட்டரி போயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னேன். என் பழைய வண்டியில் ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்த தெம்பில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு வாய் இல்லைங்கிறதுக்காக எல்லாப் பழியையும் அதும்மேலயே போடுறீங்களே" என்றார். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி, மோட்டார் ஓடித் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்காமல் தொட்டியை மாற்றி என்ன பிரயோஜனம் என்று கேட்டார். என்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏறினால் சார்ஜ் ஆகிறது. ஏறாவிட்டால் என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில், அதிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்கள், அவை போய்ச் செருகிக்கொள்ளும் பிளாஸ்டிக் கப்ளர், அதற்கப்பால் சார்ஜை அளந்து பேட்டரிக்கு விடும் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். "புது பேட்டரி இருக்கே, அது பொல்லாதது. உள்ள என்ன நோய் இருந்தாலும் ரெண்டு நாளைக்கு மறைச்சு வச்சிரும்" என்றார். என் வண்டியில் கப்ளர் உருகியிருந்தது. இரண்டு பேட்டரிகளும் அநியாயமாகச் செத்திருந்தன.

அவருக்குப் பார்வையில் கோளாறு ஒன்றும் கிடையாது. தலைமுடி கனமே இருக்கும் ஒயரின் வெட்டைக் கண்ணாடி இல்லாமல் கண்டுபிடிக்கிறவர். ஆனால் மீட்டரை மட்டும் அவர் படிப்பதில்லை. ஒருவர் ஆக்ஸிலேட்டரைத் திருக, ஒருவர் படிப்பது வசதி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், என்ஜின் அணைந்திருக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நம்மைத்தான் படிக்கச் சொல்கிறார். இந்த வியாதி வீட்டிலும் உண்டு என்பது மனைவியின் புகார். "குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, நீயே சாப்பிட்டுச் சொல்லும்பாரு. இந்த மனுசனோட என்னன்னுதான் குடும்பம் நடத்துறது" என்று முன்னால் உட்கார்ந்து பல்பு விற்றபடியே சொல்வார்.

மூன்றாவது தடவை போனபோது, ஏன் நீங்கள் படிப்பதில்லை என்று கேட்டுவிட்டேன். மனைவி சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரம். "நான் படிச்சா எனக்குப் பிடிச்ச நம்பரத்தான் படிப்பேன்" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, தம்பியின் வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை. தம்பியின் வண்டியில் ஹெட்லைட் மங்கிக்கொண்டே போயிருக்கிறது. அன்றைக்குக் கடையில் ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன. தம்பி வண்டிதானே என்று ஒரு புதுப் பேட்டரியைப் போட்டார். பட்டனைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது, ஹாரன் காதைக் கிழித்தது. சார்ஜ் ஆகிறதா, பார்த்தாயா என்று தம்பி கேட்டான். பார்த்துவிட்டேன் என்றார் இவர். பார்க்கவில்லை. மீட்டர் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. பிளாஸ்திரியில் 14.2 என்று எழுதி ஒட்டி அனுப்பிவிட்டார். சும்மா ஓர் எண். கொஞ்சம் நம்புகிறாற்போல் இருக்கட்டும் என்று புள்ளி இரண்டு.

மூன்றாம் நாள் வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போனது. இவர் காலையிலேயே பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி வேலையிலிருந்து அப்படியே வண்டியில் கிளம்பினான். பாதி வழியில், கடை கண்ணி எதுவும் இல்லாத இடத்தில், வண்டி நின்றது. புதுப் பேட்டரியில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டே நடந்து, ஒரு கடையில் வண்டியை விட்டுவிட்டு, கிடைத்த லாரியில் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சின்னவன் வந்துட்டானாடா" என்று அம்மா மூன்று தடவை கேட்டாராம். மூன்று தடவையும் வந்துகொண்டிருக்கிறான் என்று பதில் சொன்னவர் இவர்.

தம்பி ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தை, "பஸ்ல வந்திருக்கணும்ணே. என் தப்பு." பிறகு அந்த வண்டியைத் திறந்து பார்த்தபோது கப்ளர் கரியாக இருந்தது. வெகு நாளைய கரி. வழியில் போயிருக்கும், இல்லையா என்று தம்பி கேட்டான். இவர் ஆமாம் என்றார். அந்த ஆமாமை இன்றுவரை திரும்ப எடுக்க முடியவில்லை என்றார் என்னிடம். அந்தப் பிளாஸ்திரித் துண்டையும் எடுக்கவில்லை. கிழித்தால் தம்பி ஏன் என்று கேட்பான். தம்பி வண்டி வேலைக்கு வந்து சீட்டைத் தூக்கும்போதெல்லாம் அது அங்கேயே இருக்கும், இவர் அதன் பக்கத்தில் வேறொன்றை ஒட்டுவார். மீட்டரைக் கையில் எடுத்துப் படிப்பதை அதிலிருந்து விட்டுவிட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. மீட்டர் வைக்க ஒரு நிமிடம் ஆகுமா? அதைவிட, பதினோரு வருடமாக ஒருவன் தன்னையே நொந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாரே. ஆனால் அவர் துடைத்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, கூலியைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

போன வாரம் என் இண்டிகேட்டருக்காகப் போயிருந்தேன். முற்பகல். வியர்க்க வியர்க்க ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே மூக்கு, அதே வழுக்கை. சொல்லாமலே தம்பி என்று தெரிந்தது. சார்ஜ் ஏறவில்லை போலிருக்கிறது, சரிசெய்து கொடுத்தால் விற்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். அம்மாவைக் காக்க வைத்த வண்டி, வாசலில் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார்.

வோல்ட்டு கடைப் பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்தார். மீட்டரைத் தம்பியிடம் நீட்டினார். "நீ பாத்தா போதாதாண்ணே" என்றார் தம்பி. இவர் படி என்றார். பன்னெண்டு புள்ளி ரெண்டு. எவ்வளவு திருகியும் ஏறவில்லை. என்ஜினை அணைத்தார்கள். கழற்றிய சீட்டு பக்கத்தில் குப்புறக் கிடந்தது. அதன் அடியில் மற்றவற்றுக்கு நடுவே பழுத்துப்போன பிளாஸ்திரித் துண்டைத் தம்பி விரலால் தடவினார். "நீ பாத்துக் குடுத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு. பதினாலு புள்ளி ரெண்டு. நான்தான் பஸ்ல வந்திருக்கணும்."

வண்டி போய்விட்டால் துண்டும் போய்விடும். வோல்ட்டு அதை நினைத்தாரோ என்னவோ, வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் மீட்டரே வைக்கலடா."

தம்பிக்கு உடனே புரியவில்லை. "நான் கேட்டேனேண்ணே?"

"கேட்டே. பாக்காமலே எழுதினேன்."

"வழியில போயிருக்கும்னு சொன்னேனே. ஆமான்னியே."

"ஆமான்னேன்."

முன்னால் பல்பு எண்ணிக்கொண்டிருந்த மனைவி எண்ணுவதை நிறுத்திவிட்டார். தம்பி திட்டவில்லை. வெளியே போய்விடவும் இல்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாதபோது கைக்குத் தெரிந்த வேலையைச் செய்வதுதான் மனிதர் வழக்கம். வோல்ட்டு மஞ்சள் ஒயர்களைப் பிரித்து, காயிலைச் சோதித்து, செத்துப்போயிருந்த ரெகுலேட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். ஒவ்வொரு சோதனைக்கும் மீட்டரை என்னிடம்தான் நீட்டினார், நான்தான் படித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியில் என்ஜின் ஓடியது. இந்தத் தடவை மீட்டரைத் தம்பியிடம் நீட்டினார். கொஞ்சம் தாமதமாக, ஆனால் வாங்கிக்கொண்டார். வோல்ட்டு அந்தப் பக்கம் போய் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். பதினாலு புள்ளி ஒன்று. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. தம்பி எண்ணைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

வோல்ட்டு எட்டிப் பார்க்கவில்லை. சத்தமாக என்று சொல்லவும் இல்லை. ஒரு கையால் ஆக்ஸிலேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, பெட்ரோல் டாங்கின் மேல் முன்னாலேயே கிழித்து ஒட்டி வைத்திருந்த வெற்றுப் பிளாஸ்திரித் துண்டில் முனையை வைத்துக்கொண்டு, தம்பி படிக்கட்டும் என்று நின்றார்.