கொம்பு முயலுக்கு முதல் பரிசு

என் மகள் சொல்லச் சொல்ல நான் வரைந்த உருவம் அது: கடாக் கொம்பு வைத்த முயல். பழைய போர்வையில் உடுப்புத் தைத்தேன். சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவரின் பழைய ஹெல்மெட்டில் காதும் கொம்பும் கட்டினேன்.

சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் நகரியத்தில் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. பெயர் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி மனைவி, "வீட்டுக்காரர் பர்மனென்ட்டா?" என்றார்.

"காண்ட்ராக்ட்டுங்க."

"பர்மனென்ட் வீட்டுப் பசங்களுக்குத்தான் போட்டி. டிரஸ் நல்லாருக்கே, எம்பொண்ணு போட்டுக்கட்டுமா?"

அவர் கணவரின் கீழ்தான் என் கணவருக்கு வேலை. கழற்றிக் கொடுத்தேன்.

முதல் பரிசு. "நம்ம முயல் ஜெயிச்சிடிச்சி!" என்று என் மகள் குதித்தாள்.

"அடுத்த வருஷமும் செஞ்சி குடும்மா" என்றார் அவர்.

மகள் முந்திக்கொண்டாள்: "இறக்கையும் வச்சித் தரோம் ஆன்ட்டி!"

அவள் இன்னும் கோழி இறகு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பென்சிலைத் தொடவில்லை.