விடை ஒன்பது

மேற்கு மாம்பலத்தில், பள்ளிக்கூட கைடுகளை டைப் செய்து தரும் கடையில் வேலை பார்க்கிறேன். ஏழாம் வகுப்புக் கணக்கு கைடை எழுதுபவர், புதுப் பதிப்புக்காக எண்களை மாற்றித் தர ஆண்டுக்கு ஒருமுறை வருவார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில்கள் இருக்கும். தானே எழுதிய கணக்கைக்கூட ஒரு தாளில் போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்த பிறகுதான் என்னிடம் தருவார்.

சமன்பாட்டுப் பாடத்தில் ஒரு வயதுக் கணக்கு. தந்தையின் வயது, மகளின் வயதைப்போல் நான்கு மடங்கைவிட ஒன்று அதிகம். இருவர் வயதையும் கூட்டினால் 46. மகளின் வயது என்ன? மறு ஆண்டு அது ‘இரண்டு அதிகம்’, 47 என்று மாறியது. அதற்கடுத்த ஆண்டு ‘மூன்று அதிகம்’, 48.

“சார், எதை மாத்தினாலும் ஒன்பதுதானே வருது? பசங்க மனப்பாடம் பண்ணிடப் போறாங்க” என்று சிரித்தேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“அந்த அப்பா நான்தாம்மா. எனக்கு வருஷா வருஷம் ஒண்ணு ஏறுது. என் பொண்ணுக்கு ஒன்பதோட நின்னுபோச்சு.”

அந்தக் கணக்கை அப்படியே டைப் செய்தேன்.

இந்த ஆண்டு அவர் வரவில்லை. போனும் சுவிட்ச் ஆஃபிலேயே இருக்கிறது. “நீயே நம்பரை மாத்தி அனுப்பிடும்மா” என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்ற கணக்குகளையெல்லாம் மாற்றிவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் ‘நான்கு அதிகம்’, 49 என்று அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் வயதில் இன்னும் ஒன்றைக் கூட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை.