சத்தமில்லாமல் வந்த விமானம்

போன கோடையில் ரொறன்ரோ விமானக் கண்காட்சிக்கு என் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய போர் விமானங்களைக் கண்டு நான் பயந்துவிடுவேனோ என்று மனைவிக்குக் கவலை. அவை உறுமிக்கொண்டு வந்தன. நானும் மகளோடு சேர்ந்து கைதட்டினேன்.

அடுத்தது மின்சார விமானம் என்று அறிவித்தார்கள். அது வந்ததை நான் காணவில்லை. சத்தமே இல்லை. புல்லின் மேல் ஒரு நிழல் மட்டும் எங்களை நோக்கி ஓடிவந்தது. யாழ்ப்பாணத்தில் குண்டு போட பொம்மர் விமானம் தாழப் பதிந்து வந்ததும் அப்படித்தான். சத்தம் பிறகுதான் கேட்கும்.

கண் திறந்தபோது குப்புறக் கிடந்தேன். காதுகளுக்குள் விரல், வாய் திறந்தபடி. குண்டு விழும்போது செய்யச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பழக்கியதை உடம்பு மறக்கவில்லை. பக்கத்தில் மகள் இல்லை.

சுற்றிலும் எல்லோரும் சிரித்தபடி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலடி தள்ளி, முன்பின் தெரியாத ஓர் அம்மா என் மகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"எழும்பாதேங்கோ தம்பி," என்றார் மெதுவாக. "அது திரும்பி வரும்."

திரும்பி வந்தது. அதே நிழல் எங்கள் மூவர் மேலும் சத்தமின்றிக் கடந்து போனது.

பிறகு அவர் எழுந்தார். மகளின் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

காரில் மகள் கேட்டாள்: "அப்பா, அந்த அன்ரி ஏன் என்னை ஹைட் பண்ணினவ?"

பொம்மரைப் பற்றிச் சொன்னேன். நான் ஏன் அவளை மூடவில்லை என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை.