தொங்கட்டான் போட்ட பெட்டி

அண்ணி படகுக்காரி ஆவதற்கு முன் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தையல் மிஷினில் உட்கார்ந்து அவள் கற்றது ஒன்று: தண்ணீருக்குக் கதவு வேண்டாம், ஊசி ஓட்டை போதும். அண்ணனைக் கட்டிக்கொண்டபோது அவனுடைய சின்னப் படகையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அண்ணன் டிக்கெட் கிழிப்பான். சுக்கான் அவள் கையில்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது அவள் முகம் சரியில்லை. அக்கரை ஆலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் நடக்கிறார்கள். இருட்டிய பிறகு அவர்களை ஏற்றிவர அவளுக்கு அனுமதி வேண்டும். அதற்கு விளக்கு, ஆரன், உள்ளே புகும் தண்ணீரை இறைக்கும் பம்பு எல்லாம் நனைந்தாலும் வேலை செய்ய வேண்டும். முதல் சோதனையில் அதிகாரி குழாயால் தண்ணீர் பீய்ச்சினார். அண்ணன் மாட்டியிருந்த சுவிட்சுப் பெட்டி வயிறு முட்டக் குடித்தது. விளக்கெல்லாம் அணைந்தது. இன்னொரு முறை தவறினால் அந்த ஓட்டம் பக்கத்துப் படகுக்காரருக்கு.

"அவர் இப்பவே சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிட்டாராம்" என்றாள் அண்ணி.

மூவரும் மின்சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடி மாதிரி வழவழத்த ஒரு சுவிட்சுப் பலகையைக் காட்டினார். தொட்டால் நீலமாக எரிந்தது. அண்ணன் வாயைப் பிளந்துவிட்டான்.

"கப்பல் மாதிரி இருக்கும்மா!"

அண்ணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்தாள். தொட்டாள். பம்பைத் தொட்டால் ஆரனுக்கான இடம் எரிந்தது, அப்புறம் எதுவும் எரியவில்லை.

"காஞ்ச கையால தொடணும்க்கா" என்றார் கடைக்காரர்.

"அப்ப ஆத்தையும் காயவெச்சுத் தருவியா தம்பி?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். உள்ளே போய், ரப்பர் தொப்பி மாட்டிய குமிழ் சுவிட்சுகள் உள்ள பலகையைக் கொண்டுவந்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். எல்லாம் ஒரே வரிசை, ஒரே இடைவெளி. உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் பம்பு சுவிட்சு மட்டும் தனியே தள்ளி, ஆரன் சுவிட்சு நீளமாக இருந்த ஒன்று கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டது போல.

பெட்டிக்கு அண்ணன் கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்தான்.

"வயரெல்லாம் மடங்கித் திரும்ப வேணாமா? மூச்சு விட இடம் குடுங்க" என்று, மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினாள். சுவிட்சுப் பலகை அதன் மூடியில் உட்காரும்.

படகில் மாட்டும்போதுதான் ரகளை. வயர்கள் கூரையிலிருந்து இறங்குகின்றன என்று அண்ணன் பெட்டியின் மண்டையில் துளை போட டிரில்லை வைத்தான். போன தடவையும் அங்கேதான் போட்டிருந்தான்.

"கை வெக்காதீங்க. மழைத்தண்ணி வயரைப் புடிச்சுக்கிட்டே நேரா உள்ள இறங்கும்."

டிரில்லைப் பிடுங்கி, அடியில் துளை போட்டாள். வயர்களைப் பெட்டிக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு, அப்புறம் மேலே ஏற்றி உள்ளே நுழைத்தாள். அந்தத் தொங்கலில் தண்ணீர் சொட்டி விழுந்துவிடும்.

"பெட்டிக்குத் தொங்கட்டான் போட்டாச்சு" என்றேன்.

"எனக்குத்தான் உங்க அண்ணன் வாங்கித் தரல."

சோதனையன்று பக்கத்துப் படகுக்காரர் இஸ்திரிச் சட்டையோடு கரையில் நின்றார். அதிகாரி குழாய்த் தண்ணீரை மேலே, பக்கவாட்டில், அடியில் என்று திருப்பித் திருப்பி அடித்தார். மூடியைத் திறந்தார். அண்ணி உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கசக்கினார். அது சரசரத்தது.

"பம்பு போடுங்க" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பம்பு ஓடியது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆலை ஆட்கள் படகு நிறைய ஏறினார்கள். நடந்தே பழகிய சிலர் இன்னும் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தார்கள். பாலத்தை நெருங்கியதும் அண்ணி ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை மட்டும் நீட்டினாள். நீளமான குமிழை விரல் தேடிப் பிடித்தது. ஆரன் ஊரே கேட்கும்படி அலறியது. மேலே நடந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு ஏறிக்கங்க" என்று அண்ணன் கீழேயிருந்து டிக்கெட் கட்டை ஆட்டினான்.